வலி போயிடுச்சு... தோள் சரியாயிடுச்சா? தற்காப்புக் கலைப் பயிற்சிக்கு எப்போது திரும்பலாம்?

2022 அக்டோபர் 22, அபுதாபி. யுஎஃப்சி பாண்டம்வெயிட் பட்டத்துக்கான சண்டை. அப்போதைய சாம்பியன் அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங்கை எதிர்த்து முன்னாள் சாம்பியன் டி.ஜே.டில்லஷா இறங்குகிறார். முதல் சுற்று தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே டில்லஷாவின் இடது தோள்மூட்டு கழன்றுவிடுகிறது. ஒற்றைக் கையோடு அந்தச் சுற்றை எப்படியோ ஓட்டிவிடுகிறார். இடைவேளையில் மூட்டை உள்ளே தள்ளி அனுப்புகிறார்கள். இரண்டாவது சுற்றில் மறுபடியும் சிக்கல். சண்டை அங்கேயே நிறுத்தப்படுகிறது.

அதைவிட அதிர்ச்சி, பிறகு அவர் சொன்ன விஷயம். ஏப்ரல் கடைசியில் பயிற்சி முகாம் ஆரம்பித்தபோதே தோள் விலகிவிட்டதாம். அதன் பிறகு பயிற்சியில் மட்டும் சுமார் 20 முறை கழன்றிருக்கிறது. ‘தோள் விலகினாலும் விலகும்’ என்று நடுவரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். தன்னால் அந்த எடைப்பிரிவே காத்துக்கிடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். அதே டிசம்பரில் அவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

உலகப் பட்டத்துக்கான சண்டை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் டில்லஷா போட்ட கணக்கைப் பலரும் போடுகிறார்கள். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு ஜூடோ, கராத்தே, பாக்ஸிங், ஜியு-ஜிட்ஸு வகுப்புக்கு ஓடும் 25 வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். “அடுத்த மாசம் பெல்ட் டெஸ்ட்”, “ஆறு மாசம் விட்டா ஸ்டாமினா போயிடும்”, “இப்ப வலியே இல்ல மாஸ்டர்” என்பார்கள். இந்தக் கடைசி வாக்கியம்தான் தோளைப் பொறுத்தவரை ரொம்ப ஆபத்தானது.

எலுமிச்சையும் ஸ்பூனும்

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சைப் பழத்தை வைத்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். தோள்மூட்டு கிட்டத்தட்ட அதே அமைப்புதான். மேல்கை எலும்பின் உருண்டைத் தலைதான் எலுமிச்சை. தோள்பட்டை எலும்பில் இருக்கும் ஆழமில்லாத குழிதான் ஸ்பூன். உருண்டையின் பரப்பு, குழியின் பரப்பைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் நன்றாகப் புதைந்திருக்கும். தோளிலோ சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கையைத் தலைக்கு மேல் தூக்கவும், முதுகைச் சொறியவும், கம்பு சுற்றவும் முடிகிறது. உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு இது. பெரிய மூட்டுகளில் அதிகம் கழலும் மூட்டும் இதுவே.

எலுமிச்சை விழாமல் காப்பவை இரண்டு. ஒன்று, குழியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போல ஓடும் ‘லேப்ரம்’ என்ற குருத்தெலும்பு வளையமும் அதோடு சேர்ந்த தசைநார்களும். இன்னொன்று, ‘ரொட்டேட்டர் கஃப்’ எனப்படும் நான்கு சிறிய தசைகள். ஜிம்மில் கண்ணாடி முன்னால் நின்று காட்டும் தசைகள் அல்ல இவை, உள்ளே ஒளிந்திருப்பவை. கை எந்தப் பக்கம் போனாலும் உருண்டையைக் குழியின் நடுவில் இழுத்துப் பிடித்திருப்பதுதான் இவற்றின் வேலை.

இதில் தோள்பட்டை எலும்புக்கும் பங்கு உண்டு. கையை முழுவதுமாக, அதாவது 180 டிகிரி தூக்கும்போது அதில் ஏறத்தாழ 120 டிகிரிதான் பந்து மூட்டிலிருந்து வருகிறது. மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் வழுக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. நாள் முழுக்க லேப்டாப் முன்னால் கூனி உட்கார்ந்து மேல்முதுகு இறுகிப்போனால் இந்த 60-ல் குறைவு விழும். சந்தேகமிருந்தால் இப்போதே கூனி உட்கார்ந்துகொண்டு கையைத் தூக்கிப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

எந்தக் கலையில் எது போகும்?

கழன்ற தோள்களில் பெரும்பாலானவை, சுமார் 95 சதவீதம், முன்பக்கமாகக் கழல்பவை. கை பக்கவாட்டில் தூக்கி, பின்பக்கமாகத் திரும்பியிருக்கும்போது யாராவது தள்ளினால் போதும். பந்து எறியத் தயாராகும் நிலை என்று சொல்லலாம். நெரிசலான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்திருக்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் கை எங்கே போகிறது? அதே நிலைதான்.

ஜூடோவில் ஆள் தூக்கி எறியப்படும்போது, பயத்தில் கையைத் தரையில் ஊன்றிவிடுவதுதான் பெரிய வில்லன். ‘உகெமி’ என்ற விழும் கலையை முதல் நாளிலிருந்தே கற்றுத்தருவது இதற்காகத்தான். கை ஊன்றாமல் நேராகத் தோள் முனையில் விழுந்தால் அடி வேறு இடத்தில்: காறை எலும்பு தோள்பட்டையோடு சேரும் ஏசி மூட்டு பிசகி, தோளின் மேல் ஒரு புடைப்பு தெரியும். இது மூட்டு விலகல் அல்ல, சிகிச்சையும் வேறு. இரண்டையும் ‘ஷோல்டர் போச்சு’ என்று ஒரே பெயரில் சொல்வதால் ஒருவருக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொருவர் செய்துகொண்டிருப்பது சகஜம்.

ஜியு-ஜிட்ஸுவில் பூட்டுகள். அவற்றில் பிரபலமான ‘கிமுரா’ பூட்டுக்குப் பெயர் வந்த கதையே ஒரு பாடம். 1951-ல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஹீலியோ கிரேசியின் கையை முதுகுப் பக்கமாக முறுக்கினார். கை முறிந்தும் கிரேசி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் தரப்பினர்தான் துண்டை வீசி ஆட்டத்தை முடித்தார்கள். பூட்டுக்கு ஜெயித்தவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் அதைக் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

பாக்ஸிங்கில் குத்து விழும்போது அல்ல, விழாமல் காற்றில் போகும்போது தோள் அதிகம் அடிவாங்கும். வேகத்தை நிறுத்தவேண்டிய வேலை முழுக்கத் தோளின் பின்பக்கச் சிறுதசைகள் மேல் விழுகிறது.

சிலம்பம் தனி ரகம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்முறை விளையாட்டாக இடம்பெற்றது. நகரத்து இளைஞர்களும் கம்பைக் கையில் எடுக்கிறார்கள். இதில் மூட்டு சட்டென்று கழல்வதைவிட, தலைக்கு மேல் ஆயிரம் முறை சுற்றிச் சுற்றித் தசைநாண் உரசிப் புண்ணாவது அதிகம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவில் ஒரு கட்டத்தில் சுருக்கென்று வலிக்கும். அதைத் தாண்டினால் வலி குறையும். ‘பழகினா சரியாயிடும்’ என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். பழகப் பழக மோசமாவதுதான் இதன் குணம்.

கழன்ற முதல் ஒரு மணி நேரம்

வகுப்பில் ஒருவருக்குத் தோள் கழன்றால் சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது, “நகருங்க, நான் ஏத்திவிடுறேன்” என்பார். மூட்டை ஏற்றுவது பழைய வித்தை. அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கும் முறை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம்மூரில் புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வர்மம் தெரிந்த ஆசான்களும் இருக்கிறார்கள். இவர்களில் கைதேர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை.

பிரச்சினை கைப்பழக்கத்தில் இல்லை. கழன்ற தோளோடு எலும்பும் உடைந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உடைந்த எலும்போடு இழுத்தால் நரம்பும் ரத்தக்குழாயும் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்த பிறகு மருத்துவமனையில் ஏற்றுவதே பாதுகாப்பு. அதுவரை கை எந்த நிலையில் வலி குறைவாக இருக்கிறதோ அப்படியே துண்டாலோ கராத்தே பெல்ட்டாலோ கட்டிவைத்தால் போதும். தோளின் வெளிப்பக்கம், சட்டையில் பேட்ஜ் குத்தும் இடம், மரத்துப்போயிருக்கிறதா என்று தொட்டுப்பாருங்கள். அங்கே உணர்ச்சி இல்லை என்றால் அக்குள் நரம்பு நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. டாக்டரிடம் அதை முதலில் சொல்லவேண்டும்.

மூட்டு உள்ளே போன அடுத்த நிமிடம் வலி பாதிக்கு மேல் இறங்கிவிடும். மூன்று வாரத்தில் அன்றாட வேலைகளுக்கு வலி இருக்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். பிய்ந்துபோன லேப்ரமும் நீண்டுபோன தசைநாரும் வலியின் காலண்டரைப் பார்த்து ஆறுவதில்லை. முதலில் வீக்கம், பிறகு தற்காலிகமான ஒட்டு, அதன் பிறகுதான் இழைகள் இழுவிசைக்கு ஏற்றபடி வரிசையாக அமைந்து வலுப்பெறும். இந்தக் கடைசிக் கட்டம் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஓடும். சிமென்ட் பூசிய சுவர் மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாக இருக்குமே, அது மாதிரி.

வயதைக் கேட்டுத்தான் வைத்தியம்

தோள் கழன்றவருக்கு அடுத்து மறுபடி கழலுமா என்பதைச் சொல்லும் மிகப்பெரிய விஷயம், விந்தையாக, வயதுதான். 20-களின் தொடக்கத்திலோ அதற்கும் கீழோ இருந்து, ஆளோடு ஆள் மோதும் விளையாட்டும் ஆடுபவர் என்றால், அறுவை சிகிச்சை இல்லாமல் திரும்பும்போது மறுபடி கழலும் வாய்ப்பு பாதிக்கு மேல். 40-ஐத் தாண்டியவருக்கு அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அவர்களுக்கு விலகும்போதே ரொட்டேட்டர் கஃப் கிழிந்துவிடும் அபாயம் அதிகம். அப்பாவுக்கு ஒரு மாதக் கட்டில் சரியான தோள், மகனுக்குச் சரியாகாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

அதனால்தான் 22 வயது ஜூடோ வீரரிடம் முதல் விலகலுக்கே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, அறுவை சிகிச்சையைப் பற்றியும் ஆர்த்தோ டாக்டர் பேசுகிறார். உடனே ‘காசு பிடுங்கப் பார்க்கிறாங்க’ என்று முடிவு கட்டிவிடவேண்டாம். ஒவ்வொரு முறை கழலும்போதும் எலும்புத் தலையில் பள்ளமும் குழியின் விளிம்பில் தேய்வும் கூடுகின்றன. லேப்ரம் மட்டும் பிய்ந்திருந்தால் நுண்துளை வழியாக அதைத் திரும்ப எலும்போடு பொருத்திவிடலாம். 1923-ல் இந்தக் காயத்தை விவரித்த பிரிட்டன் மருத்துவர் பேங்கார்ட்டின் பெயரில் அது அழைக்கப்படுகிறது. விளிம்பு எலும்பே தேய்ந்துபோனால் பக்கத்திலிருந்து ஒரு துண்டு எலும்பை வெட்டி முட்டுக்கொடுக்க வேண்டிவரும். அது பிரெஞ்சு மருத்துவர் லாட்டர்ஜெட்டின் பெயரிலான, பெரிய சிகிச்சை. 20 முறை கழலவிட்டவருக்கும் ஒரு முறை கழன்றவருக்கும் உள்ள தூரம் இதுதான்.

சாம்பியன்களுக்கு எத்தனை மாதம்?

உக்ரைனின் வசில் லோமசெங்கோ 2018 மே 12-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் லினாரஸுடன் மோதியபோது இரண்டாவது சுற்றிலேயே வலது தோளின் லேப்ரம் கிழிந்தது. பத்தாவது சுற்றில் எதிராளியை வீழ்த்திவிட்டு நேராக அறுவை சிகிச்சைக்குப் போனார். மறுபடி வளையத்துக்குள் வந்தது டிசம்பர் 8-ல். ஏறக்குறைய ஏழு மாதம்.

மேனி பாக்கியோவுக்கு இன்னும் அதிகம். 2015 மே 2-ல் மேவெதருடனான, உலகமே பார்த்த சண்டைக்குச் சில வாரங்கள் முன்பே அவருடைய வலது தோளில் காயம். படிவத்தில் அதைக் குறிப்பிடாததால், சண்டை அன்று வலி ஊசி போட நெவாடா ஆணையம் அனுமதிக்கவில்லை. தோற்றார். அடுத்த சில நாட்களிலேயே ரொட்டேட்டர் கஃப் கிழிசலுக்கு அறுவை சிகிச்சை. டிமோதி பிராட்லியுடன் மோதித் திரும்பியது 2016 ஏப்ரல் 9-ல். 11 மாதம்.

இருவரும் திரும்பிய சண்டையில் ஜெயித்தார்கள். ஆனால் அவர்களுக்கு முழுநேரப் பிசியோ, தனிச் சமையல்காரர், தூங்குவதற்கு எட்டு மணி நேரம் இருந்திருக்கும். வாரம் இரண்டு நாள் பிசியோவுக்கு பர்மிஷன் போட்டுப் போய்வந்து, நடுவில் ஒரு ரிலீஸ் இருந்தால் அதையும் விட்டுவிடும் ஐடி ஊழியர், ‘மூணு மாசத்தில் ஸ்பாரிங்’ என்று திட்டம் போடுவது கொஞ்சம் ஓவர்தான். லேப்ரம் பொருத்திய பிறகு ஆளோடு ஆள் மோதும் விளையாட்டுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது ஆகும்; ஒன்பது ஆனாலும் அது தோல்வி அல்ல.

சலிப்பூட்டும் பயிற்சிகள்

பிசியோதெரபியில் பெரும்பாலும் வீடியோ எடுத்துப் போடும்படியான எதுவும் இருக்காது. முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, ரப்பர் பட்டையை மெல்ல வெளிப்பக்கம் இழுப்பது. சுவரில் புறங்கையை அழுத்திப் பத்து விநாடி நிற்பது. புஷ்-அப் முடியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளித் தோள்பட்டைகளை விரிப்பது. பத்தாவது நாளிலேயே போரடித்துவிடும். இரண்டு கிலோ டம்பெல்லைப் பார்த்து, “இதுக்கா பீஸ் கட்டுறேன்?” என்று தோன்றும். நடுவில் விட்டுவிட்டு நேராக பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு முன்பக்கப் பெரிய தசை வலுத்து, பின்பக்கச் சிறுதசைகள் பின்தங்கிவிடும். மார்பு பார்க்க நன்றாக இருக்கும். எலுமிச்சை ஸ்பூனின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கட்டு போட்டிருக்கும் நாட்களிலும் சும்மா இருக்கவேண்டியதில்லை. விரல், மணிக்கட்டு, முழங்கையை அசைக்கலாம். டாக்டர் சரி என்றால் நடக்கலாம், நிலையான சைக்கிள் மிதிக்கலாம். பைக் மட்டும் வேண்டாம். சடன் பிரேக்கில் உடம்பின் எடை முழுக்க அந்தக் கை மேல்தான் வரும். காரின் பின்சீட்டிலிருக்கும் லேப்டாப் பையை முன்சீட்டிலிருந்தபடியே கையைப் பின்னால் விட்டு எடுப்பதையும் மறந்துவிடவேண்டும். மேட்டில் கழலாத தோள் இப்படிக் கழன்ற கதைகள் உண்டு. சர்க்கரை நோய் இருப்பவர்கள் நேர்மாறான ஆபத்தையும் கவனிக்கவேண்டும்: அதிக நாள் அசைக்காமல் வைத்தால் தோள் உறைந்துபோகும்.

வலிமாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவது பற்றி ஒரே வரி: மாத்திரை தோளைச் சரிசெய்வதில்லை, ‘நிறுத்து’ என்று சொல்லும் குரலைத்தான் அணைக்கிறது.

ரெடியா என்று எப்படித் தெரியும்?

காலண்டர் மட்டும் போதாது. பிசியோக்கள் பார்ப்பது சில விஷயங்களை. இரண்டு கைகளும் எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு வலியில்லாமல் போகின்றனவா? காயப்பட்ட தோளின் பலம் மற்ற தோளில் 90 சதவீதமாவது இருக்கிறதா? படுக்கவைத்து, கையை அந்த ‘பந்து எறியும்’ நிலைக்கு மெல்லக் கொண்டுபோகும்போது முகம் சுருங்குகிறதா? இந்தக் கடைசிச் சோதனையில் வலியைவிடப் பயத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘கழன்றுவிடும்போல இருக்கு’ என்ற உணர்வு வந்தால், மூட்டு இன்னும் தயாரில்லை.

இன்னொரு சோதனை சுவாரசியமானது. தரையில் 36 அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள். புஷ்-அப் நிலையில் இரு கைகளையும் கோடுகளில் வைத்து, 15 விநாடிக்குள் மாற்றி மாற்றி ஒரு கையால் மறுகையைத் தொடவேண்டும். 21 தடவை என்பது அடிக்கடி சொல்லப்படும் அளவு. பிசியோ சொல்லாமல் வீட்டில் முயலவேண்டாம். ஒற்றைக் கையில் உடம்பைத் தாங்குவது காயப்பட்ட தோளுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

மேட்டுக்குத் திரும்பும் வரிசை

இதில்தான் மாஸ்டரின் பங்கு பெரியது. மருத்துவமனை ‘ஃபிட்’ என்று எழுதித் தந்த தாள், ஓ கோஷி எறிதலையும் உள்ளங்கை அளவுப் பேட்டை அடிப்பதையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. மாஸ்டருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் தனியாகச் செய்பவை: நிலைகள், காலடி, இடுப்பு அசைவு, கை தோள் உயரத்தைத் தாண்டாத கட்டாக்கள். சிலம்பத்தில் தலைக்கு மேல் சுற்று கடைசியில்தான்; முதலில் கனம் குறைந்த கம்பு, இடுப்பு உயரம். அதன் பிறகு பேட் அடிப்பது, பாதி வேகத்தில். காற்றில் குத்துவதைவிட எதிரில் ஏதாவது இருப்பது தோளுக்கு நல்லது. பிறகு விழுவது. முட்டிபோட்ட நிலையிலிருந்து, நல்ல தோள் பக்கமாக. நின்ற நிலையிலிருந்து காயப்பட்ட தோளின் மேல் உருள்வதற்குச் சில வாரங்கள் பொறுக்கலாம். கையை ஊன்றும் பழைய அனிச்சைப் பழக்கம் திரும்பியிருக்கிறதா என்று மாஸ்டர் கவனிக்கவேண்டியதும் அப்போதுதான். அதன் பிறகே ஒத்துழைக்கும் ஜோடியுடன் டிரில், கடைசியில் ஸ்பாரிங்.

ஸ்பாரிங்குக்கு ஜோடியைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்படக்கூடாது. புதிதாகச் சேர்ந்த, பலத்தை மட்டும் நம்பும் வெள்ளை பெல்ட்டுகள்தான் மிக ஆபத்தானவர்கள். சீனியர் ஒருவரிடம், “அண்ணா, இடது தோள். கிமுரா, அமெரிக்கானா வேண்டாம், கை பின்னால போனாலே நான் தட்டிடுவேன்” என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாக ஆடுவார். மறைத்துவைத்தால் அவருடைய தலையிலும் அந்தப் பாரம் விழும்.

பயம் கொஞ்ச நாள் கூடவே வரும். தோள் சரியாகி, பலம் வந்து, எல்லாச் சோதனையிலும் பாஸானவர்கள்கூட முதல் எறிதலில் உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். இறுக்கிய உடம்பு மோசமாக விழும். சின்னச் சின்னதாக, நூறு முறை பத்திரமாக விழுந்த பிறகுதான் அது தளரும். பேச்சால் அதைத் தளர்த்த முடியாது. இதற்கும் திட்டத்தில் நாள் ஒதுக்கவேண்டும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகலாமா என்பதை வகுப்பின்போது முடிவு செய்யவேண்டாம். உடம்பு சூடாக இருக்கையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அன்று இரவு அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா, மறுநாள் காலையில் சட்டை போடும்போதும் தலை சீவும்போதும் முந்தைய நாளைவிட வலி கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூடவில்லை என்றால் அதே படியில் இன்னும் இரண்டு வகுப்பு முடித்துவிட்டு மேலே போகலாம். கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்கி, அந்த வார பிசியோ நேரத்தில் அதைச் சொல்லிவிடவேண்டும்.